திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்படிச் சரியாச்சு?" என்பதுதான். சரியாகவில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சரியாகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அதைக் காத்துக் கருப்பு என்று ஊர் சொல்ல, தானும் நம்பிக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவும்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலை ஆறரைக்கு ஸ்டோர் முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பெயர் கூப்பிட, அவரவர் குரல் கொடுப்பார்கள். இதற்கு மஸ்டர் என்று பெயர். பனி மூடிய நாட்களில் பாதிப் பேரின் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் பெயருக்கு நேரே கோடு போடுவேன்.

ஓர் ஆனி மாதம், சின்னப்பையன் என்கிற ஆள் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். காபிச் செடிக்கு வெளிச்சம் விடுவதற்காகக் கிளைகளைக் கழிக்க ஏறியிருந்தான். அதற்கு முந்தைய நாளெல்லாம் மழை. மரம் பாசி பிடித்து வழுக்கியது. "இன்னிக்கு வேண்டாமுங்க, காஞ்சதும் ஏறிக்கறேன்" என்றான். "காயற வரைக்கும் உன்னைய உக்கார வெச்சிருக்க முடியுமா? ஏறு" என்றேன். மேனேஜர் விசாரித்தபோது, நான் சொல்லவில்லை, அவனாகவே ஏறிவிட்டான் என்றேன். பக்கத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மஸ்டரில் பழக்க தோஷத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். பெயர் வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது. யாரும் அசையவில்லை. அப்போது வரிசையின் இடது கோடியில், அவன் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து, "வந்தாச்சுங்க" என்று ஒரு குரல் வந்தது. கரகரப்பான, தாழ்ந்த குரல். நான் இடது பக்கம் திரும்பினேன். அங்கே பனி மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் கழுத்தின் பின்புறம் இடது பக்கமாக வலி தொடங்கியது. படுத்த நிலை சரியில்லை என்று தைலம் தேய்த்தேன். ஒரு வாரத்தில் தலை தானாக இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. நான் நேராகக் கொண்டுவருவேன், அது மெதுவாகப் போய்விடும். யாரோ தாடையைப் பிடித்து, அவசரமே இல்லாமல், "இங்கே பார்" என்று திருப்புவது போல இருக்கும். இரண்டு மாதத்தில் தாடை இடது தோளுக்கு மேலே வந்து நின்றது. கழுத்தின் வலது பக்கத்துத் தசை கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. வலியைப் பற்றி என்ன சொல்ல? ஈரத்துணியைப் பிழிகிறவர்கள் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று மறுபடி பிழிவார்களே, அப்படி நாளெல்லாம்.

மஸ்டரில் ஆட்களைப் பார்த்து நிற்பேன், முகம் மட்டும் இடது கோடிக்குப் போகும். பெயர்களை அந்தக் கோடியைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வலது பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் வரிசை முழுவதும் வலது பக்கத்தில் நெருக்கியடித்து நின்றது. நான் தினமும் யாரும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து எழுபது பேரின் பெயரைச் சொன்னேன்.

என் மனைவி சரோஜாதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். சோறு போடும்போது என் கன்னத்தில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைக்கக் கையை நீட்டினாள். அவள் விரல் தாடையில் பட்டதும் தலை சாதுவாக நேரே வந்தது. அழுத்தவே இல்லை, பட்டது அவ்வளவுதான். விரலை எடுத்ததும் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் நாலைந்து தடவை செய்து பார்த்தோம். நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாலும் வராத தலை அவளுடைய ஒரு விரலுக்கு வந்தது.

"ஏனுங்க, இன்னொண்ணும் சொல்லோணும். தூங்கறப்ப உங்க தலை நேராத்தான் இருக்குது. முழிச்சதும்தான் திரும்புது" என்றாள்.

"அப்ப தூங்கறப்ப அது எங்கே போகுது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் வெளுத்துப்போனது.

மறுவாரமே, சின்னப்பையன்தான் பிடித்திருக்கிறான் என்று, வாழவந்திப் பக்கமிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். உச்சிப்பொழுதில், எஸ்டேட் பாதை மூன்றாகப் பிரிகிற இடத்தில் கழிப்பு கழித்தார். பூசணிக்காயை உடைத்துக் குங்குமத்தைக் கொட்டி, சிவப்புச் சோற்று உருண்டைகளை மூன்று பக்கமும் எறிந்தார். இருபது பேர் கூடியிருந்தார்கள். கடைசியில் என் தோளைத் தொட்டு, "இப்பிடியே நேரா ஊட்டுக்கு நடக்கோணும் சாமி. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா மறுபடி உங்கூடவே வந்துரும்" என்றார்.

அதுவரை தாடையில் விரலை வைத்திருந்த சரோஜா விலகிக்கொள்ள, நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். எதற்காகக் கழிப்பு கழித்தோம் என்பது எனக்கும் ஞாபகமில்லை, பூசாரிக்கும் இல்லை, இருபது பேரில் ஒருவருக்கும் இல்லை. பத்தடி போயிருப்பேன். பாதை கொஞ்சம் வளைகிற இடத்தில் என் தலை இடது பக்கம் போய், தோளுக்கு மேலாக அந்த இடத்தைப் பார்த்தது. பிளந்த பூசணிக்காயைப் பார்த்தேன். சோற்றை மோப்பம் பிடிக்க வந்த நாய் ஒன்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பூசாரி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். சரோஜா ஓடிவந்து தாடையில் விரலை வைத்தாள். பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்குள் பார்த்து முடித்திருந்தேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் அதைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார் என்று வெள்ளக்கடை வரைக்கும் பேச்சுப் பரவியது. ஆட்கள் என் மஸ்டருக்கு நிற்க மாட்டோம் என்றார்கள். மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார். "மாணிக்கம், இந்த வருசம் பழம் எடுப்பை நானே பாத்துக்கறேன். அடுத்த வருசம் பழம் பழுக்கறதுக்குள்ள நீங்க சரியாகி மஸ்டர்ல நிக்கணும். முடியலைன்னா வேற ரைட்டரைப் போடத்தான் வேணும். வர்றவருக்கு க்வார்ட்டர்ஸையும் குடுக்கணும்." நியாயமான மனுஷர். ஆனால் அந்த இரண்டு அறையைத் தவிர எங்களுக்கு வேறு வீடு இல்லை.

சின்னப்பையன் மனைவி ராமாயி எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். நான் கதவைப் பார்த்து உட்கார்ந்து, அவளைப் பார்க்க முடியாமல், "என்ன ராமாயி?" என்றேன்.

"அன்னிக்கு வந்தாச்சுன்னு சொன்னது நாந்தானுங்க."

எனக்குப் புரியவில்லை.

"அவரு எப்பவும் லேட்டுங்க. அவரு பேரைக் கூப்புட்டா நாந்தான் குரலைத் தாழ்த்திக் குடுப்பேன். பத்து வருசமா உங்களுக்குத் தெரியாது. காரியம் முடிஞ்சு அன்னிக்குத்தான் மொத நாளா வேலைக்கு வந்தேன், அவரு நிக்கற கோடியில பின்னாடி சொவத்தோரம் நின்னேன். அவரு பேரைக் கேட்டதும் வாய் தன்னால சொல்லிருச்சு. பயந்து ஊட்டுக்கு ஓடிட்டேன். அப்பறம் எல்லாரும் பேயின்னாங்க. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

பத்து வருஷமாக அவள் குரலுக்குத்தான் அவன் பெயரில் கோடு போட்டிருக்கிறேன். சரோஜா அழுதாள், சிரித்தாள், ராமாயிக்குக் காபி கொடுத்தாள். பேய் இல்லை என்று ஆகிவிட்டது. நானும் பெருமூச்சு விட்டு எழுந்தேன். எழுந்ததும் தலை இடது பக்கம் திரும்பியது.

எனக்கு உண்மையான பயம் வந்தது அப்போதுதான். பேய் என்றால் பூசாரி உண்டு, கோயில் உண்டு. பேயும் இல்லாமல் என் கழுத்தை யார் திருப்புகிறார்கள்? ராமாயி எஸ்டேட் முழுக்க உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ரைட்டர் வீட்டில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள், யாரும் நம்பவில்லை.

சேலத்தில் ஒன்பது மாதம் அலைந்தோம். மலையிறங்கும் பஸ்ஸில் பெரும்பாலும் வலது ஜன்னலோரம்தான் இடம் கிடைக்கும். என் முகம் பக்கத்து ஸீட்டுக்காரர் மேலேயே இருக்கும். அடிவாரம் வருவதற்குள் அவர் எழுந்து போய்விடுவார். அதனால் சரோஜாதான் பக்கத்தில் உட்காருவாள். ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை போட்டார். அது கழுத்தை இன்னும் நெரித்தது. இன்னொருவர் தாடையில் வார் மாட்டி எடை தொங்கவிட்டார். மூன்றாமவர் எல்லாம் மனசுதான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார். "மனசுல ஏதாவது பாரம் இருக்கா?" என்று அவர் கேட்டபோது இல்லை என்றேன். சரோஜா பக்கத்தில் இருந்தாள். அவளுக்குக்கூட நான் சொன்னதில்லை. என் கழுத்து ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். செய்ததற்கு அனுபவிக்கிறேன். அந்த எண்ணத்தில் ஒருவித நிம்மதிகூட இருந்தது.

கடைசியில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நரம்பு டாக்டர் ஒரு அம்மாள். என்னைத் தொடுவதற்கு முன்பே சரோஜாவிடம், "தாடையில விரல் வச்சா நேரா வருமா? தூக்கத்துல சரியாயிடுமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குள் நடந்ததை யாரோ பார்த்து இவரிடம் சொன்னது போல இருந்தது. சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது டிஸ்டோனியா. கழுத்தைத் திருப்பச் சொல்லி மூளையிலிருந்து போற உத்தரவு நிக்காம போய்க்கிட்டே இருக்கு. தசை பாவம், சொன்னதைச் செய்யுது. விரல் பட்டா உத்தரவு கொஞ்சம் தடுமாறும். இந்த நோய் உள்ள நிறையப் பேருக்கு அப்படித்தான்" என்றார் டாக்டர்.

எத்தனை நாளாக என்று கேட்டார். அந்த ஆனி மாதத்திலிருந்து என்றேன். "இல்லீங்க. அந்தப் பொங்கலுக்கே இருந்துது. சவரம் பண்ணுனா எடது தாடைக்குக் கீழ மட்டும் முடி விட்டுப்போகும். சட்டைக் காலரும் ஒரு பக்கந்தான் அழுக்காகும். நாந்தான் தொவைக்கறேன், எனக்குத் தெரியும்" என்றாள் சரோஜா.

பொங்கலுக்குச் சின்னப்பையன் உயிரோடு இருந்தான். நான் டாக்டரிடம், "ஏதாவது தப்புப் பண்ணினா இது வருமா?" என்று கேட்டேன். "எந்தத் தப்புக்கும் கழுத்து திரும்பாது. அப்படித் திரும்பினா எங்களுக்கு நிக்கவே இடம் இருக்காது" என்று சிரித்தார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அப்படியானால் பதினாலு மாதமாக நான் எதற்கும் அனுபவிக்கவில்லை. மரத்தடியில் நடந்தது நடந்தபடியே கிடக்கிறது.

மருந்து ஒன்று புதிதாக வந்திருக்கிறது, பொட்டுலினம் டாக்சின் என்றார். காற்றுப் புகாமல் அடைத்து வைத்துக் கெட்டுப்போன உணவில் ஒரு கிருமி உண்டாக்குகிற விஷம் அது. சாப்பிட்டவருக்கு ஒவ்வொரு தசையாகச் செயலிழந்து மூச்சும் நின்றுவிடும். அதையே மிகமிகச் சிறிய அளவில் ஒரு தசைக்குள் போட்டால், நரம்பு சொல்வது அந்தத் தசைக்கு மட்டும் கேட்காது.

"ஏனுங்க டாக்டரம்மா, வெசத்தையா ஊசி போடறீங்க?"

"ஆமாம்மா. விஷந்தான்."

"மத்ததுக்கெல்லாம் கேக்குமில்லீங்க? மூச்சுக்கு, முழுங்கறதுக்கு?"

"முழுங்கறதுக்குக் கொஞ்ச நாள் கஷ்டம் வரலாம். மூச்சுக்கு ஒண்ணும் ஆகாது, இது அவ்வளவு கொஞ்சம்" என்றார் டாக்டர். பொய் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மருந்து பனிக்கட்டியில் வந்தது. விலை அதிகம். சீசாவைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் நோயாளிகளைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். நாங்கள் மூன்று பேர். பெரம்பூர்க்கார அம்மா ஒருவர், கண்ணைத் திறக்க முடியாமல் இமை இறுகிக்கொள்ளும். அச்சாபீஸ்காரர் ஒருவர், முகத்தின் ஒரு பாதி தானாகத் துடித்துக் கண்ணடிக்கும். அந்த அம்மா, "எனக்குக் கண்ணைத் திறக்க முடியாது, தம்பிக்கு நேரா பாக்க முடியாது. நர்சு வந்தா நீங்கதான் சொல்லணும் சார்" என்றார். அச்சாபீஸ்காரர் பாதி முகத்தால் சிரித்தார். மூன்று பேரின் உடம்பையும் வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஓர் இருட்டான அறை. ஊசியில் ஒரு கம்பி கட்டி, அதை ரேடியோ மாதிரி ஒரு பெட்டியோடு சேர்த்திருந்தார்கள். சரியான தசையைக் கண்டுபிடிக்க, தசையில் ஓடுகிற மின்சாரத்தை அந்தப் பெட்டி சத்தமாக்கும் என்றார் டாக்டர். ஊசி கழுத்துக்குள் போனது. பெட்டியிலிருந்து தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் வந்தது. அறை முழுக்க நிறைந்துவிட்டது.

"என்னங்க சத்தம் அது?"

"உங்க கழுத்துதான். நீங்க சும்மா இருக்கீங்க, அது இருக்கல."

பதினாலு மாதமாக என் தோளில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் காதால் கேட்டேன். கெஞ்சியது மாதிரியும் இல்லை, மிரட்டியது மாதிரியும் இல்லை. என்னைப் பற்றிக் கவலையே படாமல் தன்பாட்டுக்குக் கொட்டியது. டாக்டர் சரோஜாவைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். மழை தூறலாகி, ஒன்றிரண்டு சொட்டாகி, நின்றது. விரலை எடுத்தாள். மறுபடி கொட்டியது. சரோஜா, "போதுமுங்க, அதை நிறுத்துங்க" என்றாள். வலது பக்கம் இரண்டு இடத்திலும் இடது பின்கழுத்தில் மூன்று இடத்திலும் மருந்தைப் போட்டார்கள்.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. லாட்ஜில் சரோஜா என் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் காலையில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று தெரியவில்லை. பல் தேய்க்கும்போது புரிந்தது. வலி இல்லை. தலை இன்னும் திரும்பித்தான் இருந்தது, வலி மட்டும் எழுந்து போயிருந்தது. நான் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பத்தாம் நாள் தண்ணீர் தொண்டையில் இறங்காமல் மூக்கில் ஏறியது. தலை தளர்ந்து, நிமிர்த்தினால் தொங்கியது. விஷம் பரவுகிறது என்றே நினைத்தேன். எதிர்பார்த்ததுதான், இரண்டு வாரத்தில் போய்விடும் என்றார் டாக்டர். சரோஜா ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, ஒவ்வொரு கரண்டிக்கும் "முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததைக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் தொண்டை திறந்தது, தலை நேரே நின்றது. யாருடைய விரலும் இல்லாமல் நின்றது. "மூணு நாலு மாசத்துல நரம்பு புதுசா முளைவிட்டு மறுபடி பேச ஆரம்பிக்கும். அப்ப வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்தபோது காபிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை மஸ்டருக்குப் போனேன். மேனேஜர் ஸ்டோர் படியில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தலையசைத்தார். வேலை போகாது, வீடு போகாது என்று அதற்கு அர்த்தம். ஆட்கள் வலது பக்கமாகவே நெருக்கியடித்து நின்றார்கள். "பரவி நில்லுங்க" என்றேன். ஒருவரும் நகரவில்லை.

ராமாயி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து என் முன்னால் நடந்து போனாள். இடது கோடிக்குத்தான் போயிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் திருப்புகிற தசைகளைத்தான் மருந்து முடக்கியிருந்தது. எவ்வளவு முயன்றும் தலை அங்கே போகவில்லை. வழக்கம் போலப் பெயர் கூப்பிட்டு முடித்திருக்கலாம். நான் காலை மாற்றி வைத்து, உடம்பு முழுவதையும் இடது பக்கம் திருப்பி, ராமாயிக்கு நேரே நின்றேன்.

"ராமாயி, அன்னிக்கு அவன் ஏற மாட்டேன்னான். நாந்தான் ஏறச் சொன்னேன்."

படியில் மேனேஜரின் செருப்பு ஒருமுறை சத்தம் போட்டது. சரோஜாவுக்கு இனி நானே போய்ச் சொல்ல வேண்டும்.

ராமாயி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "மழையில அவரு தானா ஏற மாட்டாருங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "பேரைக் கூப்புடுங்க ரைட்டரே, நேரமாகுது" என்றாள்.